பத்து நிமிடத்துக்கு முன்னால்

அந்த மாதத்தில் இருபத்தெட்டாவது தடவையாக, சகாயமேரி தன் மகள் இறந்துபோன செய்தியை முதல் தடவையாகக் கேட்டாள்.

தூத்துக்குடியில் அவள் கதறிக்கொண்டிருந்த நேரத்தில், பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் இசக்கியம்மாளின் திரையில் விண்ணப்பம் வந்து விழுந்தது. ‘நினைவை 4.10க்குத் திருப்பவும். காரணம்: மரணச் செய்தி. செய்தி தெரிந்த நேரம்: 4.11.’ கீழே கணவர் கஸ்பாரின் கையெழுத்து. அதற்கும் கீழே மருத்துவரின் பொது அனுமதி. இசக்கி பொத்தானை அழுத்தினாள். ஒன்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. சகாயமேரியின் மகள் ஜெர்லின் மறுபடியும் உயிரோடு, கோட்டயத்தில் நர்சிங் பயிற்சியில் இருந்தாள்.

சகாயமேரி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஆறு வருடத்துக்கு முன்னால் வந்த மூளைக்காய்ச்சல் அவள் உயிரை விட்டுவிட்டு, புதிதாக எதையும் மனதில் வைத்துக்கொள்ளும் சக்தியை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனது. பழையதெல்லாம் அப்படியே இருந்தது. காலையில் பார்த்த முகம் மத்தியானம் நினைவில் இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்காக வந்ததுதான் நினைவுத்துணை. காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு கருவி. அவள் பார்ப்பதும் கேட்பதும் அதன் வழியாகப் போய், எங்கோ ஓரிடத்தில் இருக்கிற கணினிகளில், அவள் பெயரில் உள்ள தரவுத்தளத்தில் சேரும். வேண்டும்போது அங்கிருந்தே திரும்பி வரும். தென்மாவட்டங்களில் மட்டும் பதினோராயிரம் பேர் இப்படி ‘கிளவுட்’ என்கிற மேகத்தில் நினைவை வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். அது தொலைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது இசக்கியின் வேலை.

தொலையாமல் இருக்க ஒரே வழி பிரதி எடுப்பது. வெளியில் ஸ்னாப்ஷாட் என்பார்கள். அலுவலகத்தில் ‘படி’ என்றே பேச்சு. பத்து நிமிடத்துக்கு ஒரு படி. எடுக்கும்போது காதுக்குப் பின்னால் பச்சைப் புள்ளி ஒருமுறை மினுங்கி அணையும்.

அந்தப் பத்து நிமிடம் இசக்கி போராடி வாங்கியது. முன்பெல்லாம் விடியற்காலையில் ஒரே ஒரு படிதான். ஒருநாள் சாயங்காலம் சேமிப்பில் கோளாறு வந்தபோது வள்ளியூரில் ஒருவருக்கு அன்றைய பகல் முழுவதும் போய்விட்டது. அன்றைக்குத்தான் அவர் மகளுக்குக் கல்யாணம். மன்னிப்புக் கேட்கப் போன இசக்கியிடம் அவர் ஆல்பத்தைக் காட்டி, “இதுல நான் சிரிச்சுக்கிட்டு நிக்கேன். எதுக்குச் சிரிச்சேன்னு தெரியலயேம்மா” என்றார். அதற்குப் பிறகு நான்கு மாதம் அவள் யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. பத்து நிமிடப் படி வந்தது. கூடவே, அவள் கேட்காத ஒன்றும் வந்தது: வீட்டார் கேட்டால் நினைவை முந்தைய படிக்குத் திருப்பித் தரும் குடும்ப விண்ணப்பம்.

சகாயமேரியின் நினைவைத் திருப்பிய பிறகு இசக்கியால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. கீழே போய் டீ குடித்தாள். பாதி டம்ளரில் வைத்துவிட்டு மேலே வந்தாள். மறுபடி கீழே போனாள். மூன்றாவது தடவை ஏறி வந்தபோது மேலாளர் துரைப்பாண்டி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“என்னம்மா, படிக்கட்ட அளக்குதியா?”

“சார், அந்தத் தூத்துக்குடி டீச்சர். இருபத்தெட்டு தடவ ஆச்சு.”

“பாவம்தான். செத்த வீடுன்னா நாலு பேரு வருவான், போஸ்டர் ஒட்டுவான், எவனாவது உளறிருவான். மறைச்சு வைக்க முடியுமா?”

“ஒரு நாள் படி இருந்தப்ப இப்படி யாரும் கேட்டாங்களா சார்?”

“எப்படிக் கேப்பாங்க? ஒரு கெட்ட சேதிய எடுக்கணும்னா அன்னைக்குத் தின்ன சோறு, பேசுன ஆளு எல்லாம் சேந்து போயிரும். அதுக்கு யாரும் துணியல. இப்ப பத்து நிமிஷந்தான. ஒரு தும்மல் மாதிரி. போனதே தெரியாது.”

“அதான் சார் எனக்குப் பயமா இருக்கு.”

“இதுல என்ன பயம்?”

“நேத்து ஒருத்தரு, அவரு போன்ல அவரு சம்சாரம் பாத்த மெசேஜ எடுக்கச் சொல்லிருக்காரு. காரணம்னு என்ன எழுதிருக்காரு தெரியுமா? மன உளைச்சல்.”

துரைப்பாண்டி மோவாயைத் தடவினார். “அத நிறுத்தி வச்சாச்சு. ஆனா டீச்சர் கேஸ் அப்படி இல்லம்மா. டாக்டர் கையெழுத்து இருக்கு. ஒரு தாய் கதறுறத நிறுத்துறது தப்புன்னா எனக்குச் சொல்லு.”

இசக்கி நாற்காலிக்குத் திரும்பி சகாயமேரியின் பக்கத்தைத் திறந்தாள். நினைவுக்குள் என்ன இருக்கிறது என்று ஊழியர்கள் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. நேரம் தெரியும், நாடித்துடிப்பு தெரியும், நடந்த அடிகள் தெரியும். வீட்டை விட்டு வெளியே வராத பெண் நேற்று இருபத்திரண்டாயிரம் அடி நடந்திருந்தாள். தூக்கம் மூன்று மணி நேரம். மகள் பத்திரமாக இருக்கிறாள் என்று நம்புகிறவளின் உடம்பு இப்படியா இருக்கும்?

இசக்கி ஒரு தாளை எடுத்து, செய்தி தெரிந்ததாக விண்ணப்பங்களில் கண்ட நேரங்களை வரிசையாக எழுதினாள். முதல் நாள், 11.47. அது விபத்தைச் சொல்லி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்த நேரம். இரண்டாவது, 6.04. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மூன்றாவது, 4.31. நான்காவது, 5.11. அப்புறம் 3.51, 4.21, 4.41, 5.31.

பேனா நின்றது.

உளறுகிறவன் நேரம் பார்த்து உளறுவானா? மூன்றாவதிலிருந்து இருபத்தெட்டாவது வரை ஒவ்வொரு தடவையும் செய்தி சரியாகப் படி எடுத்து முடிந்த அடுத்த நிமிடத்தில் வந்திருந்தது. பச்சைப் புள்ளி மினுங்கி அணைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் யாரோ அவளிடம் வாயைத் திறந்திருக்கிறார்கள்.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு அவள் தூத்துக்குடி பஸ் ஏறினாள்.

துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீடு. பின்கட்டில் கஸ்பார் படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் பட்டறை. வாசலில் நின்ற இசக்கியை அவர் ஒரு கணம் வெறித்துப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டையில் கிரீஸ். கண்ணுக்குக் கீழே கருத்துத் தொங்கியது.

“கருவி செக் பண்ண வந்திருக்கேன் அண்ணாச்சி” என்றாள் இசக்கி, உள்ளே கேட்கும்படியாக.

சகாயமேரி அடுப்படியிலிருந்து வந்தாள். ரவிக்கை தோளில் நிற்காமல் சரிந்தது. “வாங்க, உக்காருங்க. டீ போடட்டுமா?” என்றாள். போட்டு வந்து கொடுத்தாள். உட்காரவில்லை. மேசையைத் துடைத்தாள். சன்னலுக்குப் போனாள், வந்தாள், அதே மேசையை மறுபடியும் துடைத்தாள்.

“இந்தக் கருவில எதுவும் கோளாறா இருக்குமா?” என்று கேட்டாள். “கால் ஓரிடத்துல நிக்க மாட்டேங்குது. யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கு, போய்ப் பாத்தா யாரும் இல்ல. எதையோ செய்ய மறந்துட்ட மாதிரி. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் திடீர்னு கன்னமெல்லாம் ஈரமா இருக்கு. இவங்க கிட்ட கேட்டா வெங்காயம் உரிச்சேங்கிறாங்க. நான் எங்க உரிச்சேன்?”

கஸ்பார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மககிட்ட பேசினா சரியாயிருமோ என்னமோ. லீவு முடிஞ்சு போனவளுக்குப் பயிற்சில போன் குடுக்க மாட்டாங்களாம்” என்று சொல்லிக்கொண்டே அவள் மறுபடி சன்னலுக்குப் போனாள்.

இசக்கி எழுந்து பின்கட்டுக்கு நடந்தாள். கஸ்பார் பின்னாலேயே வந்தார். பிரித்துப் போட்ட எஞ்சின் ஒன்றின் பக்கத்தில் நின்று, அவள் நேரங்கள் எழுதிய தாளை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைப் படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

“நீங்கதான் சொல்லுதிய, இல்லையா அண்ணாச்சி?”

அவர் எஞ்சின் மேலிருந்த துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கையைத் துடைத்தார்.

“முத ரெண்டு தடவ நான் இல்லம்மா. சத்தியமா இல்ல. முத நாளு அவ தலைய சுவத்துல முட்டினா, ரத்தம் வந்துட்டு. அதான் அழிக்கச் சொன்னேன். அடக்கத்துக்கு ஊரே வந்துச்சு. அவள மட்டும் எங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் வச்சிருந்தேன். வீட்டுக்கு வந்தா, ஜெர்லினுக்குப் புதுசா ஒரு போர்வை வாங்கணும்னு சொல்லுதா. அங்க குளிருமாம். நான் சரிங்கணும்.” அவர் துணியை இன்னொரு கைக்கு மாற்றினார். “வாரவன் போறவன்லாம் தைரியமா இருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான். என் பிள்ளைக்காக என்கூட உக்காந்து அழ இந்த உலகத்துல ஒருத்திதான் இருக்கா. அவளுக்கு விஷயம் தெரியாது. மூணாவது தடவ தாங்க முடியாம சொல்லிட்டேன். ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதோம். அப்புறம் அவ துடிக்கிறதப் பாக்க முடியல. விண்ணப்பம் போட்டேன்.”

“மறுநாளும் சொன்னிய.”

“அவ அழுகிற அந்தப் பத்து நிமிஷத்துலதான் என் பிள்ள செத்துருக்காம்மா. மத்த நேரமெல்லாம் அவ கோட்டயத்துல இருக்கா. நான் எங்க போயி அழ?”

இசக்கிக்கு அவர்மேல் கோபப்பட்டுக்கொண்டு வந்தது ஞாபகம் இருந்தது. அந்தக் கோபத்தைத் தேடினாள். அது இருந்த இடத்தில் வேறென்னவோ இருந்தது. ஆனால் சன்னலுக்கும் மேசைக்கும் நடக்கும் அந்தக் கால்களின் சத்தம் பட்டறை வரைக்கும் கேட்டது.

“அவங்க உடம்பு தாங்காது அண்ணாச்சி. நினைப்ப நாங்க எடுத்துருதோம். அழுத உடம்பு அங்கேயேதான இருக்கு? இருபத்தெட்டு சாவ அது தூக்கிக்கிட்டு நடக்கு. ஒரு தடவயாவது மறக்கணுமான்னு அவங்ககிட்ட கேட்டியளா?”

“கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவா. எந்தத் தாயி பிள்ளைய மறக்கிறேன்னு சொல்லுவா?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. துணியைக் கீழே போட்டார்.

நாலு மணி இருபது நிமிடத்துக்கு சகாயமேரியின் காதுக்குப் பின்னால் பச்சைப் புள்ளி மினுங்கியது. கஸ்பார் அவளைப் பிடித்து உட்காரவைத்தார். இந்தத் தடவை விண்ணப்பம் போட அவர் கையில் போன் இல்லை. அது இசக்கியிடம் இருந்தது. அவர் சொன்னார். இசக்கி அவ்வளவு நாளும் திரையில் எண்ணாக மட்டும் பார்த்திருந்த ஒன்றை நேரில் பார்த்தாள். சகாயமேரி முதலில் சிரித்தாள், ஏதோ கேலி என்பதுபோல. பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்தது, சத்தம் வரச் சற்று நேரமானது. வந்தபோது இசக்கி காதைப் பொத்திக்கொள்ளாமல் இருக்கப் பெரும்பாடுபட்டாள்.

பத்து நிமிடம் கழிந்தது. இருபது நிமிடம் கழிந்தது. அழுகையில் ஓர் இடைவெளி விழுந்தபோது இசக்கி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“டீச்சர், நான் நினைவுத்துணை ஆபீஸ்ல இருந்து வாரேன். உங்க வீட்டுல கேட்டாங்கன்னா இந்தச் சேதிய உங்க நினைப்புல இருந்து எடுக்கிறது என் வேலை. இன்னைக்கு நான் உங்ககிட்ட கேக்கேன். எடுக்கணுமா?”

சகாயமேரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அழுகையால் வீங்கிய அந்த முகத்துக்குள்ளிருந்து ஒரு கணக்கு டீச்சர் பார்த்தாள்.

“இதுக்கு முன்னாடி எடுத்திருக்கீங்களா?”

“ஆமா.”

“எத்தன தடவ?”

“இருபத்தெட்டு.”

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலைகுனிந்திருந்தார்.

“எடுத்ததெல்லாம் எங்க போச்சு?”

“எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு படி எடுத்து வைப்போம். முப்பது நாள் இருக்கும். அப்புறம் தானா அழிஞ்சிரும். முதலாவது படி நாளைக் கழிச்சுப் போயிரும்.”

“எனக்கு அது வேணும்.”

“வேண்டாம்” என்றார் கஸ்பார்.

இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் முகம் வெளுத்திருந்தது. “இன்னைக்குத் தெரிஞ்சது இருக்கட்டும்மா. இனிமே அழிக்கச் சொல்ல மாட்டேன். பழசு எதுக்கு? எல்லாம் ஒரே அழுகைதான. இருபத்தெட்டையும் ஒண்ணா வாங்கினா செத்துருவா.” அவர் இசக்கியின் கையைப் பிடித்துக்கொண்டார். “உன்னக் கும்பிடுதேன் தாயி. அழியட்டும். விட்டுரு.”

அவர் பிடியை விடவில்லை. இது மனைவிக்காகப் படும் பயம் மட்டும் இல்லை என்று இசக்கிக்குத் தோன்றியது. ஆனால் வேறு என்ன என்று அவளால் ஊகிக்க முடியவில்லை.

“என் பிள்ளைக்கு நான் அழுத அழுகை” என்றாள் சகாயமேரி. “அது என்கிட்ட இல்லாம வேற யாருகிட்ட இருக்கணும்?”

நினைவுக்கு உரியவரே தரும் விண்ணப்பத்துக்கென்று ஒரு படிவம் இருந்தது. அதை இதுவரை ஒருவர்கூடத் திறந்ததில்லை. சகாயமேரி கட்டை விரலை வைத்தாள். இசக்கி மடிக்கணினியை மடியில் வைத்து, இருபத்தெட்டுத் துண்டுகளையும் வரிசைப்படுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பத் தொடங்கினாள்.

ஒவ்வொன்று போய்ச் சேரும்போதும் சகாயமேரியின் உடம்பு லேசாகக் குலுங்கியது. முதலாவதில், சுவரில் முட்டிய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஐந்தாவதில் கணவன் பக்கம் கையை நீட்டினாள், அவர் பிடித்துக்கொண்டார். எட்டு, ஒன்பது. பத்தாவதில் எதையோ நினைத்து அழுகைக்கு நடுவே சிரித்தாள். “ஜெர்லின் மீன் குழம்புல சீனி போட்டது. சொன்னிய” என்றாள்.

பன்னிரண்டாவதில் அவள் கையை உருவிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் குலுங்கவில்லை. முகம் கல்லாகிவிட்டது. கஸ்பார் எழுந்து கதவு வரை போனார். வெளியே போகவும் முடியாமல், திரும்பி வரவும் முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபத்தெட்டாவது போய்ச் சேர்ந்ததும் இசக்கி மடிக்கணினியை மூடினாள்.

“லீவுக்கு வந்திருந்தப்ப, வண்டில பிரேக் பிடிக்கலன்னு ஜெர்லின் ஒரு வாரமா சொல்லிருக்கா” என்றாள் சகாயமேரி. பேச்சு இசக்கிக்கும் இல்லை, கணவனுக்கும் இல்லை. “நாளைக்குப் பாக்கேன், நாளைக்குப் பாக்கேன்னு இவங்க சொல்லிருக்காங்க. ஊரான் எஞ்சினெல்லாம் பாத்தாங்க.”

கஸ்பார் கதவோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இவ மறந்துருவான்னுதான என்கிட்ட சொன்னிய?”

“ஆமா” என்றார் அவர். “முத தடவ அப்படித்தான். யாருகிட்டயாவது சொல்லிறணும்னு இருந்துச்சு.”

“மறுநாளும் சொன்னிய. அதுக்கு மறுநாளும். பதினேழு தடவ. பதினேழு தடவயும் நான் உங்கள அடிச்சேன். என் கண்ணுல முழிக்காதியன்னு சொன்னேன். ஒரு தடவகூட வேற மாதிரி சொல்லல. பின்ன எதுக்குத் திரும்பத் திரும்ப வந்து சொன்னிய?”

“என்னைக்காவது ஒரு நாள் மன்னிச்சிருவியோன்னு…” என்றார் அவர்.

சகாயமேரி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சன்னலுக்குப் போகவில்லை. மேசையைத் துடைக்கவில்லை. வந்ததிலிருந்து இப்போதுதான் அவளுடைய கால்கள் தரையில் அசையாமல் இருப்பதை இசக்கி கண்டாள்.

“பத்து நிமிஷந்தான குடுத்திய” என்றாள் சகாயமேரி. “அதுக்குள்ள எப்படி முடியும்?”

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஜெர்லினை எங்கே அடக்கம் செய்திருக்கிறது என்று கேட்டாள். கஸ்பார் ஆட்டோவைக் கூப்பிட்டார். அவள் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தாள், அவர் மறு ஓரத்தில். நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. இசக்கியையும் ஏறச் சொன்னார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. போனில் பதினொரு புதிய குடும்ப விண்ணப்பங்கள் காத்திருந்தன. முதலாவது கோவில்பட்டியிலிருந்து. ஒரு மகன் அனுப்பியது. ‘அப்பாவின் நினைவை 2.40க்குத் திருப்பவும். காரணம்: வீண் கவலை.’ பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று திரையின் ஓரத்தில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

இசக்கி மகனின் எண்ணைத் தள்ளிவிட்டு அப்பாவின் எண்ணைத் தேடி எடுத்தாள். மணி அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்கள்.

“யாரு பேசுறது?” என்றது ஒரு வயதான குரல்.

தன் பெயரைச் சொன்னாள். அடுத்து எதிலிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, “ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள்.